லிவியாதானின் மூன்று காலங்கள்

எபிரெய வேதத்தில் லிவியாதான் என்ற கடல்மிருகத்தின் பெயர் மொத்தமே ஆறு முறைதான் வருகிறது. யோபு புத்தகத்தில் இரண்டு, சங்கீதங்களில் இரண்டு, ஏசாயாவின் ஒரே வசனத்துக்குள் இரண்டு. இந்த ஆறில் ஒன்றைக் காட்டித்தான், எனக்கு 22 வயதாக இருந்தபோது, ஒரு வேதபாட ஆசிரியர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். எனக்குள் புகுந்திருந்த லிவியாதான் ஆவி என்னைவிட்டுப் போக வேண்டும் என்று.

அது ஒரு தீர்க்கதரிசன வகுப்பு. பலகையில் ஏசாயா 27:1 இருந்தது. அந்நாளில் கர்த்தர் தமது கடினமான, பெரிய, பலத்த பட்டயத்தால் விரைந்தோடும் பாம்பாகிய லிவியாதானையும், வளைந்து நெளியும் பாம்பாகிய லிவியாதானையும் தண்டிப்பார். சமுத்திரத்தில் இருக்கும் வலுசர்ப்பத்தைக் கொன்றுபோடுவார். வசனத்திலிருந்து மூன்று அம்புக்குறிகள் கிளம்பின. ஒவ்வொன்றின் முனையிலும் இன்றைய நாடு ஒன்றின் பெயர். நான் நோட்டில் வரைந்துகொண்டே வந்தேன். அதே நோட்டின் முன்பக்கங்களில், நான்கு வருடங்களுக்கு முன் அதே ஆசிரியர் அதே வசனத்துக்குச் சொன்ன மூன்று பெயர்களும் இருந்தன. இரண்டு மாறியிருந்தன.

"ஐயா, போன தடவை வேற நாடு சொன்னீங்களே, இதுல எதை எழுதிக்கட்டும்?" என்று கேட்டேன். எதிர்த்துப் பேசும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. நோட்டு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மகளே, இந்தக் கேள்வி உன்கிட்டேயிருந்து வரலை" என்றார். பிறகு யோபு 41-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்தார். பெருமையுள்ள எல்லாருக்கும் அது ராஜாவாக இருக்கிறது என்ற வசனம். எல்லாரும் எழுந்து என்னைச் சுற்றி நின்றார்கள். ஜெபம் அரை மணி நேரம் நடந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் எந்தக் கூட்டத்திலும் நான் வாய் திறந்து கேள்வி கேட்டதில்லை. ஆனால் வீட்டில் வாசித்தேன். அந்த ஆறு இடங்களையும், அவற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என் கைக்கு எட்டியவற்றையும். இந்தப் பதிவு அந்த வாசிப்பிலிருந்து வருவது.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடல்மிருகத்துக்கு ஒரு நாட்டின் பெயரை வைப்பது அந்த ஆசிரியரின் கண்டுபிடிப்பு இல்லை. தீர்க்கதரிசிகளே அப்படிச் செய்திருக்கிறார்கள். எசேக்கியேல் 29-இல் எகிப்தின் பார்வோன், தன் நதிகளின் நடுவே படுத்துக்கொண்டு "என் நதி என்னுடையது, நானே அதை உண்டாக்கினேன்" என்று சொல்லும் பெரிய வலுசர்ப்பம். எரேமியா 51-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை வலுசர்ப்பம்போல விழுங்கித் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டவன். ஏசாயா 30-இல் ராகாப் என்ற இன்னொரு கடல்மிருகத்தின் பெயர் எகிப்துக்கு ஒரு கேலிப்பெயராகவே ஒட்டிக்கொள்கிறது. ஏசாயா 27:1-ஐ அரமேய மொழியில் விரித்துச் சொன்ன பழைய யூத தர்கூம், முதல் பாம்பைப் பார்வோனைப் போன்ற ராஜா என்றும் இரண்டாவதை அசீரிய ராஜா சனகெரிப்பைப் போன்ற ராஜா என்றும் படித்தது. பின்னால் வந்த விளக்கவுரைகளில் ஓடும் பாம்பு தீகிரீஸ் நதியாகி அசீரியாவைக் குறித்தது, நெளியும் பாம்பு ஐபிராத்து நதியாகிப் பாபிலோனைக் குறித்தது, கடலில் இருப்பது எகிப்து ஆனது. ஆக அம்புக்குறி வரையும் பழக்கத்துக்கு வயது இரண்டாயிரம்.

ஆனால் எசேக்கியேலும் எரேமியாவும் யாருக்குப் பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். தங்கள் ஜனத்தின் கழுத்தில் கால்வைத்து நின்ற பேரரசுக்கு வைத்தார்கள். எரேமியாவில் அந்த வரிகளைச் சொல்வது விழுங்கப்பட்டவளின் குரல். "என்னை விழுங்கினான்" என்று சீயோன் பேசுகிறது. வயிற்றுக்குள் இருந்து வரும் குரல் அது. தூரத்தில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு ஜனத்தைச் சுட்டி "அதோ மிருகம்" என்பவருடைய குரல் வேறு. வார்த்தை ஒன்றாக இருந்தாலும் காரியம் ஒன்றில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏசாயா 27:1 பெயர் எதையும் சொல்லவில்லை. மற்ற இடங்களில் அவ்வளவு சுலபமாகப் பெயர் சொல்லும் புத்தகம், இங்கே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது. ஏன் என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல பதில் வேதாகமத்துக்கு வெளியே, ஒரு களிமண் பலகையில் இருந்தது.

1928-இல், சிரியாவின் மத்தியதரைக்கடல் ஓரத்தில் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பை ஒரு கல்லறையின் மேல் மூடிய கல்லில் இடித்தது. மறு வருடமே குளோட் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சு அகழ்வாய்வு தொடங்கியது. பக்கத்திலிருந்த ராஸ் ஷம்ரா மேட்டுக்குள் புதைந்திருந்தது உகாரித் என்ற பழைய துறைமுக நகரம். கி.மு. 1200-ஐ ஒட்டி அழிந்துபோன நகரம் அது. அங்கே கிடைத்த பலகைகளில் பாகால் தெய்வத்தின் கதைப்பாடல் இருந்தது. எழுதியவர் இலிமில்கு என்ற எழுத்தர். அதில் மரண தெய்வமான மோத் பாகாலுக்கு அனுப்பும் செய்தியில் ஒரு வரி வருகிறது. விரைந்தோடும் பாம்பான லீத்தானை நீ அடித்தபோது, வளைந்து நெளியும் பாம்பை முடித்தபோது, ஏழு தலையுள்ள அந்த வல்லமையானதை. லீத்தான் என்பது லிவியாதானின் பழைய கானானிய வடிவம். பாம்புக்குச் சொல்லப்பட்ட இரண்டு அடைமொழிகளும் ஏசாயா 27:1-இல் உள்ள அதே இரண்டு சொற்கள்தான்.

இதை முதலில் வாசித்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது. நான் மனப்பாடம் செய்த வசனம் பாகாலின் பாட்டிலா இருந்தது? இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு திரும்ப வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பாகாலின் பாட்டில் அது முடிந்துபோன வெற்றி: "நீ அடித்தபோது." ஏசாயாவில் அது இன்னும் வராத வெற்றி: "அந்நாளில் தண்டிப்பார்." அக்கம்பக்கத்து ஜனங்கள் எல்லாரும் அறிந்த பழைய புகழ்ப்பாட்டைத் தீர்க்கதரிசி கையில் எடுத்து, வீரனின் பெயரை மாற்றி, காலத்தையும் மாற்றிவிட்டார். இல்லை, உங்கள் தெய்வம் அதை முடிக்கவில்லை. அது இன்னும் கடலில் இருக்கிறது. அதை முடிக்கப்போகிறவர் வேறொருவர். ஒரு ராஜாவையோ ஒரு நாட்டையோ மட்டும் குறிப்பதாக இருந்தால் அந்தப் பழைய பாட்டைத் தொடத் தேவையே இல்லை. பார்வோனும் சனகெரிப்பும் யாருடைய பிள்ளைகளோ, அந்த மூலத்தைப் பற்றியது இந்த வசனம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

காலம் என்ற இந்தச் சாவி கையில் வந்ததும் மற்ற இடங்களும் திறந்தன.

சங்கீதம் 74 ஆலயம் எரிந்துபோன பிறகு பாடப்பட்டது. கோடாரிகளால் சித்திர வேலைகளை உடைத்தார்கள், பரிசுத்த ஸ்தலத்துக்குத் தீ வைத்தார்கள் என்று அழுதுகொண்டே வருகிற பாடகர் நடுவில் நிறுத்தி, லிவியாதானின் தலைகளை நீர் நசுக்கினீரே என்கிறார். தலைகள் என்று பன்மையில். அங்கே அது இறந்தகாலம். சமுத்திரம் பிளந்த நாளை நினைவுபடுத்தி, "அன்று செய்தீரே, இன்று ஏன் கையை மடக்கி வைத்திருக்கிறீர்?" என்று கேட்பது. ஏசாயாவில் எதிர்காலம். சங்கீதம் 104-இலோ நிகழ்காலம், அதுவும் எப்படிப்பட்டது! கப்பல்கள் ஓடுகின்றன, சிறிதும் பெரிதுமான ஜீவன்கள் திரிகின்றன, விளையாடுவதற்காக நீர் உண்டாக்கிய லிவியாதானும் அங்கே இருக்கிறது. வாளும் இல்லை, உடைந்த தலையும் இல்லை.

நசுக்கப்பட்டது, கொல்லப்படப்போவது, இப்போது விளையாடிக்கொண்டிருப்பது. இந்த மூன்றையும் ஒரே வரைபடத்தில் யாராலும் வரைய முடியாது. எங்கள் வகுப்பில் சங்கீதம் 104:26-ஐ ஒருநாளும் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விளையாட்டு என்ற அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. எபிரெயத்தில் அது "கடலிலே விளையாட" என்றும் படிக்கலாம், "அதோடு விளையாட" என்றும் படிக்கலாம். இரண்டாவது விதமாகப் படித்தால் விளையாடுகிறவர் கடவுள். யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு பகுதி இந்த வாசிப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு நாளின் கடைசி மூன்று மணி நேரம் கடவுள் உட்கார்ந்து லிவியாதானோடு விளையாடுகிறார் என்கிறது. ஆனால் கிறிஸ்துவுக்கு முன்பே எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், லிவியாதானைப் பெரும்பாலான இடங்களில் "திராகோன்", அதாவது வலுசர்ப்பம் என்று எழுதினார்கள். விளையாட்டுக்கு அவர்கள் போட்ட சொல்லில் பரிகாசம் செய்வது என்ற பொருள் தூக்கலாக இருந்தது. யோபுவின் கிரேக்க வடிவத்திலும் தூதர்கள் பரிகசிப்பதற்காக உண்டாக்கப்பட்ட ஒன்று என்று ஒரு வரி வருகிறது. விளையாட்டுத் தோழன் பரிகாசப் பொருளாக மாறியது இப்படித்தான். ஆதிச் சபையின் ஆசிரியர்கள் பலர் வாசித்தது இந்தக் கிரேக்க வேதத்தை. அவர்களுக்கு லிவியாதான் ஆரம்பம் முதலே பிசாசாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

நம் மொழிபெயர்ப்பிலும் இதுபோல ஒன்று உண்டு. ஆதியாகமம் 1:21-இல் தேவன் "மகா மச்சங்களை" சிருஷ்டித்தார், நல்லது என்று கண்டார் என்று வாசிக்கிறோம். ஏசாயா 27:1-இன் கடைசியில் "வலுசர்ப்பம்" என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல், தன்னீன். நல்லது என்று காணப்பட்டதும் கொல்லப்படப்போவதும் ஒரே பெயரில் இருக்கின்றன என்பது நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வந்தால் இழைகள் எல்லாம் ஒன்றாக முறுக்கப்படுகின்றன. 12-ஆம் அதிகாரத்தின் ஏழு தலையுள்ள சிவப்பு வலுசர்ப்பத்துக்கு, அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் பெயர் வைத்துவிடுகிறார்: உலகமனைத்தையும் மோசம்போக்குகிற பிசாசென்றும் சாத்தானென்றும் சொல்லப்பட்ட பழைய பாம்பு. உகாரித்தின் ஏழு தலைகள் எத்தனை நூற்றாண்டு நீந்தி வந்து சேர்ந்திருக்கின்றன! 13-இல் சமுத்திரத்திலிருந்து ஒரு மிருகமும் பூமியிலிருந்து ஒரு மிருகமும் எழும்புகின்றன. கடலுக்கு லிவியாதான், நிலத்துக்குப் பிகெமோத் என்று ஏனோக்கின் புத்தகம், நான்காம் எஸ்றா என்ற பழைய யூத நூல்கள் பிரித்து வைத்திருந்த அந்த ஜோடியின் நிழல் இது. கடல்மிருகத்தின் உடம்போ தானியேல் 7-இன் நான்கு மிருகங்களிலிருந்து எடுத்துத் தைத்தது. ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று 17-இல் சொல்லும்போது முதல் வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் ரோம் நினைவுக்கு வந்திருக்கும்.

ஆக யோவானும் பெயர் வைக்கிறார். ஆனால் இரண்டு அடுக்காக வைக்கிறார். ரோம் மிருகம், ஆனால் அதற்குத் தன் பலத்தையும் சிங்காசனத்தையும் கொடுத்தது வலுசர்ப்பம். ஒரு பேரரசு போனால் இன்னொன்றின் தோளில் அது ஏறிக்கொள்ளும். ஜெயிக்கிறவரைப் பற்றி அவர் சொல்வதுதான் இன்னும் முக்கியம். வலுசர்ப்பத்தை ஜெயித்தது ஆட்டுக்குட்டியின் இரத்தம். ஏசாயாவின் பெரிய பட்டயத்தை எதிர்பார்த்து வந்த வாசகருக்கு முன்னால் அறுக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது.

அந்தப் பட்டயத்துக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியைத்தான் சபைப் பிதாக்கள் தூண்டிலாக மாற்றினார்கள்.

யோபு 41 கடவுள் யோபுவிடம் கேட்கும் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது: லிவியாதானைத் தூண்டிலால் பிடிக்க உன்னால் முடியுமா? முடியாது என்பதுதான் யோபுவிடம் எதிர்பார்க்கப்படும் பதில். 4-ஆம் நூற்றாண்டில் நீசாவின் கிரெகோரி தூண்டில் படத்தையே எடுத்துக்கொண்டார். மனித உடல் இரை, அதற்குள் மறைந்திருக்கும் தெய்வீகம் கொக்கி. பேராசை பிடித்த மீன்போலப் பிசாசு இரையோடு கொக்கியையும் விழுங்கிவிட்டது. இருநூறு வருடங்களுக்குப் பிறகு இன்னொரு கிரெகோரி, பின்னால் பாப்பரசராகிப் பெரிய கிரெகோரி என்று அழைக்கப்பட்டவர், யோபு புத்தகத்துக்கு 35 நூல்கள் கொண்ட விளக்கம் எழுதினார். கொன்ஸ்தாந்திநோபிளில் ரோமின் தூதராக இருந்த நாட்களில், தன்னோடு இருந்த துறவிகளுக்குப் பேசத் தொடங்கியதுதான் பிறகு அந்த நூலாக வளர்ந்தது. அவர் உடல் எப்போதும் சுகவீனமாகவே இருந்தது. அடிபட்ட யோபுவைப் பற்றி அடிபட்ட ஒருவன் விளக்க வேண்டும் என்பதே தேவ ஏற்பாடாக இருக்கலாம் என்று முன்னுரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த வரிக்காகவே எனக்கு அவர்மேல் தனி அன்பு.

கடைசி நூல்களில் லிவியாதானிடம் வரும்போது அவர் தூண்டிலை முழுசாக விவரிக்கிறார். கொக்கியும் இரையும் சரி, கயிறு எது? சுவிசேஷத்தில் வரும் வம்ச அட்டவணைதான் கயிறு என்கிறார். ஆபிரகாமிலிருந்து மரியாள்வரை முடிச்சு முடிச்சாக முறுக்கி இறக்கப்பட்ட கயிறு. வாசிக்கும்போது எல்லாரும் தாண்டிப்போகிற அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு இப்படியொரு வேலை!

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அல்சாஸின் ஹோஹன்பர்க் மடத்தில் ஹெராட் என்ற தலைவி, தன் மடத்துப் பெண்களுக்காக உருவாக்கிய பெரிய சித்திரப் புத்தகத்தில் இதை அப்படியே வரையச் செய்தார். மேலே பிதா தூண்டிலைப் பிடித்திருக்கிறார். கயிறு நெடுக வட்டங்களுக்குள் முற்பிதாக்களின் முகங்கள். கீழே சிலுவையில் கிறிஸ்து, அதன் அடியில் கொக்கி, கொக்கி லிவியாதானின் வாயில். மூலப் புத்தகம் 1870-இல் ஸ்ட்ராஸ்பர்க் முற்றுகையிடப்பட்டபோது நூலகத்தோடு சேர்ந்து எரிந்துபோனது. அதற்கு முன்பே சிலர் பிரதி எடுத்து வைத்திருந்ததால் படம் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

தூண்டில் விளக்கத்தில் எனக்கும் ஒரு நெருடல் இருக்கிறது. கடவுள் பிசாசை ஏமாற்றினார் என்பதுபோல அது ஒலிக்கிறது. இந்த நெருடல் பழையது. பிசாசுக்கு மீட்கும்பொருள் கொடுக்கப்பட்டது என்ற எண்ணத்தையே, மூன்றாவது ஒரு கிரெகோரி, நீசாவின் கிரெகோரியின் காலத்தவரான நாசியான்சு கிரெகோரி, அப்போதே மறுத்தார். கேன்டர்பரி பேராயர் அன்செல்மும் 1098-இல் எழுதி முடித்த நூலில் பிசாசுக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை என்றார். அவர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். இருந்தாலும் ஹெராட்டின் படத்தை என்னால் விட முடியவில்லை. ஏனென்றால் தீர்க்கதரிசனத்தை எந்தத் திசையில் வாசிக்க வேண்டும் என்று அது காட்டுகிறது. மிருகம் பிடிபடும் இடத்தில் காயப்பட்டு நிற்பது பிடிக்கிறவர்தான். அம்புக்குறி எந்த நாட்டின் பக்கமும் போகவில்லை, நேராகச் சிலுவைக்கு இறங்குகிறது.

எல்லாரும் இந்தத் திசையில் போகவில்லை. 1121-ஐ ஒட்டி லாம்பர்ட் என்ற குருவானவர் தொகுத்த சித்திரக் கலைக்களஞ்சியத்தில் அந்திக்கிறிஸ்து முடிசூடி லிவியாதானின் முதுகில் உட்கார்ந்திருக்கிறான். கெண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் அது இன்றும் இருக்கிறது. தாமஸ் அக்வினாஸ் லிவியாதானைத் திமிங்கிலமாக வைத்துச் சொல்பொருள் சொல்லிவிட்டு, அதன் வழியாகப் பிசாசைக் கண்டார். கால்வின் 1554-இலும் 1555-இலும் யோபுவின்மேல் செய்த பிரசங்கங்களில் இவை நிஜ மிருகங்கள்தான் என்பதில் நின்றார். 1663-இல் சாமுவேல் போஷார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் லிவியாதான் முதலை என்றார். அது பல தலைமுறைகளுக்கு நிலைத்தது. நெருப்பைக் கக்கி, ஆழத்தைப் பானைபோலக் கொதிக்க வைத்து, போன வழியெல்லாம் கடலை நரைத்த தலைபோல வெளுக்கச் செய்யும் முதலையை நான் கண்டதில்லை. அழிந்துபோன ராட்சத ஊர்வன என்று இப்போது சொல்கிறவர்களின் வழியும் இதுதான். அந்தக் கவிதையை அளவுநாடா வைத்து அளப்பது. 1895-இல் ஹெர்மன் குங்கெல் என்ற ஜெர்மன் வேத அறிஞர், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் வெளிப்படுத்தலின் 12-ஆம் அதிகாரத்தையும் ஒரே கடல்போர்க் கதையின் இரு முனைகளாகக் காட்டிய பிறகுதான் கல்வியாளர்கள் மறுபடி கவிதைக்குத் திரும்பினார்கள். அவர் பாபிலோனின் கடல் தெய்வமான தியாமத்தின் கதையைப் பார்த்தார். ராஸ் ஷம்ரா கிடைத்தபின் மூலம் இன்னும் பக்கத்திலேயே, கானானிலேயே இருந்தது தெரிந்தது.

பெயர் வைக்கும் வேலையும் நிற்கவில்லை. லூத்தரின் புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் வந்தபோது, வெளிப்படுத்தலுக்கான மரச்செதுக்குப் படங்களில் பாபிலோனின் ஸ்திரீயின் தலையில் போப்பின் மூன்றடுக்கு முடி இருந்தது. டிசம்பர் பதிப்பில் அந்த முடியின் மேலடுக்குகளைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். மூன்றே மாதம்! பிறகு நெப்போலியன் மிருகமானார். அப்புறம் வந்த ஒவ்வொரு பெரிய போரிலும் யாரோ ஒருவர் மிருகமானார். என் நோட்டில் நான்கு வருடத்தில் மாறிய பெயர்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஆவி என்ற விளக்கத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. வேதத்தில் உள்ள ஆறு இடங்களில் ஒன்றில்கூட லிவியாதான் ஒரு மனிதனுக்குள் புகும் ஆவி இல்லை. பெயர்களைப் பாவங்களோடு ஜோடி சேர்த்த பிசாசுப் பட்டியல்கள் பின்னால் வந்தவை. 1589-இல் சூனியக்காரிகளுக்கு எதிராக எழுதிய பீட்டர் பின்ஸ்ஃபெல்டின் பட்டியலில் லிவியாதானுக்குக் கொடுக்கப்பட்டது பொறாமை. பெருமை லூசிபருக்குப் போனது. இப்போது நடக்கும் விடுதலை ஜெபங்களில் பெருமை லிவியாதானிடம் வந்துவிட்டது. யோபு 41:34-ஐப் பெரிய கிரெகோரியும் பிசாசின் பெருமையைப் பற்றித்தான் வாசித்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் பேசியது தங்களையே சோதித்துப் பார்க்க உட்கார்ந்திருந்த துறவிகளிடம். கேள்வி கேட்ட ஒருத்தியின் வாயை அடைக்க அவர் அந்த வசனத்தை எடுக்கவில்லை.

அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். யோபுவிடம். அதிகாரம் அதிகாரமாகக் கேள்வியாகவே கேட்டவரிடம். நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று கடவுளையே வழக்குக்கு அழைத்தவரிடம். "உனக்குப் பெருமை, அதனால்தான் கேட்கிறாய்" என்று அவரிடம் சொன்னது யார்? சுற்றி உட்கார்ந்திருந்த சிநேகிதர்கள். கடவுள் லிவியாதானைப் பற்றிப் பேசி முடித்த கையோடு, 42:7-இல் அந்தச் சிநேகிதர்களில் ஒருவரான எலிப்பாசிடம் திரும்பி, என் தாசனாகிய யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். பெருமையுள்ளவர்களின் ராஜாவைப் பற்றிச் சொன்ன அடுத்த மூச்சில் கண்டிக்கப்படுகிறவர்கள் கேள்வி கேட்டவரைக் குற்றம்சாட்டியவர்கள். நான்கைந்து வருடம் கழித்து ஒரு இரவு இதைக் கண்டுபிடித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அந்த அரை மணி நேரம் என் தோளைவிட்டு இறங்கியது அன்றுதான்.

எங்கள் வகுப்பு ஏசாயா 27:1-ஐத் தாண்டவே இல்லை. இரண்டாம் வசனத்தில் ஒரு பாட்டு தொடங்குகிறது. திராட்சத்தோட்டத்தைப் பற்றிய பாட்டு. கர்த்தராகிய நான் அதைக் காக்கிறவர், அடிக்கடி அதற்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன், ஒருவரும் அதைச் சேதப்படுத்தாதபடி இரவும் பகலும் காவல் காக்கிறேன், என்னிடம் கோபம் இல்லை. ஐந்தாம் அதிகாரத்தில் வேலி பிடுங்கப்பட்டு, மழை மறுக்கப்பட்டு, முள் முளைத்துப் போன அதே தோட்டம்தான் இது. பட்டயம் ஒரு வசனத்தோடு உறைக்குள் போய்விடுகிறது, தண்ணீர் பாய்ச்சுகிற வேலை தொடர்கிறது. அந்தத் தீர்க்கதரிசனம் இதற்காகத்தான் பாம்பைப் பற்றிப் பேசியது என்று நம்புகிறேன். தோட்டத்தில் ஒளிந்துகொண்டு பயப்படுகிறவர்களுக்கு, கடலில் இருப்பதைப் பற்றிய கவலை உங்களுடையது இல்லை என்று சொல்வதற்காக.

யோபுவின் இரண்டு இடங்களில் முதல் இடத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை. 3-ஆம் அதிகாரம். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். லிவியாதானை எழுப்பத் தெரிந்தவர்கள் அந்த நாளைச் சபிக்கட்டும் என்கிறார். எல்லாவற்றையும் அது விழுங்கிவிடட்டும், நான் பிறக்காமலே போயிருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். கிரேக்கத்தில் இந்த வரி "பெரிய கடல்மிருகத்தை அடக்கப்போகிறவர்" என்று மாறியது; அதை வாசித்த ஆதிச் சபைக்கு அந்த ஒருவர் கிறிஸ்துவாகத் தெரிந்தார். அது ஒரு நல்ல வாசிப்பு. ஆனால் என்னை நிறுத்தியது அதற்கு அடுத்த வசனம். அந்த இரவு "விடியலின் இமைகளை" காணாமல் போகட்டும் என்கிறார் யோபு. எபிரெயத்தில் அப்படித்தான் இருக்கிறது, விடியலின் இமைகள். இந்தச் சொற்சேர்க்கை எபிரெய வேதம் முழுவதிலும் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. 41:18-இல் கடவுள் லிவியாதானை அங்கம் அங்கமாக, மிகுந்த விருப்பத்தோடு வருணித்துக்கொண்டு வரும்போது: அதன் கண்கள் விடியலின் இமைகளைப் போல இருக்கின்றன.

எந்த மிருகத்தைக் கூப்பிட்டு விடியலை அழித்துவிடச் சொன்னாரோ, அந்த மிருகத்தின் கண்ணிலேயே யோபுவுக்கு விடியல் காட்டப்படுகிறது. கேட்ட கேள்விகள் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு சொல்லைக் கடவுள் மறக்காமல் வைத்திருந்து, 38 அதிகாரங்கள் கழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அந்த நோட்டை நான் தூக்கி எறியவில்லை. பலகையைப் பார்த்து வரைந்த பக்கத்தில் மூன்று அம்புக்குறிகளும் மங்கிப்போய் இருக்கின்றன, முனையில் இருந்த பெயர்களை நானே அடித்துவிட்டேன். பக்கத்தின் அடியில் பென்சிலில் இரண்டு எண்கள் எழுதி ஒரு கோட்டால் சேர்த்து வைத்திருக்கிறேன். யோபு 3:9, யோபு 41:18.